கேரட் மெஷினில் இருபத்திரண்டு ரிவிட்

பத்தாம் நாள் காலையில் இரண்டு பேர் மாலையோடு வந்தார்கள். மாலையைப் பார்த்ததும் அம்மா அழ ஆரம்பித்தாள். நான் அவர்களுடைய ஷூவைப் பார்த்தேன். முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ. அண்ணனிடம் இருந்த அதே ஷூ. இவர்கள் துக்கம் கேட்க மட்டும் வரவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அந்தப் பத்து நாளும் எனக்கு யாரையும் பிடிக்கவில்லை. அழுதவர்களைப் பிடிக்கவில்லை. அழாதவர்களையும் பிடிக்கவில்லை. "கஷ்டப்படாம உடனே போயிருச்சு, அதுவே பெரிசு" என்று சொன்ன ஒரு பெரியம்மாவை, குடித்துக்கொண்டிருந்த காப்பி டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினேன். வில்பட்டி ரோட்டில் டூரிஸ்ட் வேன் எது வந்தாலும் ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன். எறிந்ததில்லை. வேன் திரும்பி மறைகிற வரைக்கும் வைத்திருப்பேன். அண்ணனை அடித்தது அப்படி ஒரு வேன்தான். பெருமாள்மலை பக்கம் ஒரு வளைவில், பனி இறங்கியிருந்தது. அண்ணனுக்கு இருபத்து நான்கு வயது. என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.

வந்தவர்களில் ஒருவர் வயசானவர். கண்ணாடி போட்டிருந்தார், மெட்ராஸ் பேச்சு. விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்திப் பழுது பார்க்கிற பெரிய கொட்டகையை ஹேங்கர் என்பார்கள். கீழே ஒரு பெரிய ஊரில் அப்படி ஒரு ஹேங்கரில்தான் அண்ணன் தகடு வேலை பார்த்தான். இவர் அங்கே வேலைச் சாமான்கள் இருக்கும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர். இன்னொருவன் அண்ணனோடு ஜோடியாக வேலை செய்தவன், நத்தம் பக்கத்துக்காரன். போனில் அண்ணன் அவனைப் பற்றி நிறையச் சொல்லிச் சிரித்திருக்கிறான். நேரில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவன் மட்டும் நன்றாக இருக்கிறானே என்றுதான் தோன்றியது.

அம்மா டீ கொடுத்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் ஸ்டோர்காரர் பையைத் திறந்தார். பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். உள்ளே பித்தளையில் வட்டமாக ஒரு வில்லை. மேலே ஒரு துளை. நடுவில் நாற்பத்தொன்று என்று வெட்டியிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கய்யா. இது உங்க பையனோட டோக்கன். ஸ்டோர்ல ஒரு சாமான் வேணும்னா டோக்கனைக் குடுத்துட்டுத்தான் எடுக்கணும். சாமான் இருந்த கொக்கியில டோக்கனை மாட்டிடுவோம். சாமான் திரும்பி வந்தா டோக்கனைத் திருப்பிக் குடுத்துடுவோம். இந்த டோக்கன் இன்னும் தொங்கிட்டே இருக்கு. சாமான் வரலை."

"என்ன சாமான்?" என்றார் அப்பா.

"டாலின்னு பேரு. ஒரு இரும்புக் கட்டைதான். இவ்வளவுதான் இருக்கும்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "ரிவிட் அடிக்கும்போது தகட்டுக்குப் பின்னால தாங்கிப் பிடிக்கிறது."

"அப்ப எம்மகன் களவாண்டுட்டு வந்தான்ங்கிறீங்க."

"அப்படிச் சொல்லலைய்யா. ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு இங்க வந்திருக்கணும். இல்லைன்னா அவர் கடைசியா வேலை பார்த்த விமானத்துக்குள்ள எங்கேயோ கிடக்கணும். உள்ள வால் பக்கம் கம்பி ஓடுது. அந்தக் கம்பிதான் விமானத்தைத் திருப்புறது. அதுல போய் இந்தக் கட்டை சிக்கிச்சுன்னா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? பத்து நாளா தகட்டை எல்லாம் கழட்டிப் போட்டுத் தேடிட்டு இருக்கோம்."

அப்பா எழுந்து உள்ளே போனார். அண்ணனுடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்து அப்படியே கவிழ்த்தார். சிவப்புப் பிடி போட்ட தகடு கத்திரி, பச்சைப் பிடி போட்டது, நாலு அரம், சுத்தியல், கையால் சுற்றுகிற டிரில் ஒன்று, எமரித் தாள், ஒரு ரிவிட் பொட்டலம். எல்லாம் அவன் சொந்தமாக வாங்கியவை. ஒரு அரம் உருண்டு அம்மாவின் காலடிக்குப் போனது. அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாத்துக்கங்க. இதுல இருந்தா எடுத்துக்கங்க. எம்மகன் ஊரான் வீட்டுக் கேரட்ட ஒண்ணு கடிச்சதில்ல." என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, அவன் கூடவேதான திரிஞ்ச. நீ எதும் பாத்தியா?"

"இல்ல" என்றேன்.

பொய். டாலி எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அது அண்ணனோடு குழிக்குள் இருந்தது. வைத்தது நான்.

எப்படி என்று சொல்கிறேன். கேரட் மெஷின்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு. ஓடைக்கரையில் நிற்கிறது. ஒரு ஆள் தவழ்ந்து உள்ளே போகிற அளவுக்குத் தகர உருளை. மோட்டார் அதைச் சுற்றும், மேலே குழாயிலிருந்து தண்ணீர் பீச்சும். ஒரு வாயில் மண்ணோடு கொட்டினால் மறுவாயில் சிவப்பாக வந்து விழும். சுற்றுப்பட்டுத் தோட்டத்துக்காரர்கள் மூட்டையோடு வருவார்கள். அந்த உருளையில் நீளமாக ஒரு கிழிசல் விழுந்துவிட்டது. வெல்டிங் வைக்க வந்தவன் கிழிசலைப் பெரிசாக்கிவிட்டுப் போனான். தகடு மெலிசு, சூடு தாங்கவில்லை. கேரட்டெல்லாம் கீறல் கீறலாக வந்தது. அண்ணனுக்குப் போன் போட்டது நான்தான்.

"ஊர்ல பிளேனெல்லாம் ஒட்டுற. வீட்டு மெசினு கிழிஞ்சு கெடக்கு. வந்து பாக்க மாட்டியா?"

"பிளேன எவனும் ஒட்டல, கழுத. சனிக்கிழம வாரேன்."

நான் கூப்பிட்டு வந்தான். இதை ஒரு தடவை எழுதிவிட்டேன். மறுபடி எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே ஆரம்பித்தோம். அலுமினியத் தகட்டை அவன் அளந்து வெட்டினான். இடப்பக்கம் வளைந்து வெட்ட சிவப்புப் பிடி, வலப்பக்கம் வளைய பச்சைப் பிடி. வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டு உள்ளங்கையை அதில் ஓட்டச் சொன்னான்.

"அறுக்குதா?"

"லேசா."

"ஒங்கையி அறுத்தா கேரட்டும் அறுக்கும்." மறுபடி தேய்த்தான். மூன்று தடவை. எனக்குப் பசி வந்துவிட்டது.

பெருமாள்மலைக் கூட்டாளி ஒருவனிடம் கரண்டில் ஓடும் டிரில்லை இரவல் வாங்கி வந்திருந்தான். அதில் வரிசையாக இருபத்திரண்டு ஓட்டை போட்டான். பிறகு என்னை உருளைக்குள் போகச் சொல்லி, கையில் டாலியைக் கொடுத்தான். சின்னதுதான், ஆனால் ஒரு படி அரிசி போலக் கனத்தது. ஒரு முகம் கண்ணாடி மாதிரி இருந்தது, என் பல் தெரிந்தது. அந்த முகத்தின் ஓரத்தில் ஒரு வடு, வெட்டிப் போட்ட நகத்துண்டு போல.

"இதென்ன?"

"வெள்ளிக்கிழம கீழ போட்டுட்டோம். தகட்ட இறுக்குற வைஸ் மேல பட்டுருச்சு. எவன்ட்டயும் சொல்லிறாத. நாளைக்குப் போறப்ப வத்தலக்குண்டுல லேத்துப் பட்டறைல குடுத்து மொகத்தத் தேச்சு வாங்கிக்கிட்டுப் போயி கமுக்கமா மாட்டிருவேன்."

"ஒங்க கம்பெனி கேட்டுல தடவிப் பாப்பாய்ங்கன்னு சொன்ன?"

"சோத்து டப்பால வச்சுக் கொண்டாந்தேன். மிச்ச தயிர்ச்சோத்துக்குள்ள எவன் கைய விடுவான்?"

வேலை இப்படித்தான். ரிவிட் என்பது குடை போலத் தலை உள்ள அலுமினிய ஆணி. வெளியே அவன் ஆணித் தலையில் அடிப்பான். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனைதான் வால், அதற்கு நான் டாலியை முட்டுக்கொடுத்துப் பிடிப்பேன். அடிக்க அடிக்க வால் நசுங்கிப் பொத்தான் போல ஆகிவிடும். இரண்டு தகடும் அப்புறம் பிரியாது. அடிக்கிறவனுக்குப் பொத்தான் தெரியாது, பிடிக்கிறவனுக்குத்தான் தெரியும். ஹேங்கரில் காற்றுத் துப்பாக்கி போடுகிற சத்தத்தில் பேச்சு கேட்காதாம். அதனால் டாலியால் தகட்டில் தட்டிச் சொல்வார்கள். ஒரு தட்டு என்றால் போதாது, இன்னும் அடி. இரண்டு தட்டு, சரியாயிருச்சு. மூன்று தட்டு, ரிவிட் கெட்டுப்போச்சு, துளைத்து எடுத்துவிட்டு வேறு போடு.

பதினேழாவது ரிவிட் அருமையாக உட்கார்ந்தது. நான் மூன்று தட்டினேன். வெளியே அவன் கெட்ட வார்த்தை சொல்வது கேட்டது. துளைத்து எடுத்தான், வேறு போட்டான், அடித்தான். நான் மறுபடி மூன்று தட்டினேன். அவன் உருளை வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, எருமை! ஒனக்கு வெளையாட்டா இருக்கு? எனக்குத் தோளு கழண்டு போச்சு."

சாயங்காலம் மெஷினை ஓட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. டாலியை என்னிடம் கொடுத்து, காலையில் மறக்காமல் எடுத்துக் கொடு என்றான். டிரில்லைக் கொடுத்துவிட்டு வெரசா வந்துவிடுகிறேன், சப்பாத்தி போட்டு வை என்று பைக்கை எடுத்தான். சப்பாத்தி போட்டேன்.

மறுநாள் மத்தியானம் கொடைக்கானல் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களில் கல்யாணம் ஆகாதவர்களை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். பெண்கள் தெரு முக்கு வரைக்கும்தான் போகலாம். நான் காட்டுக்கு வருவேன் என்றேன். சித்தப்பா, "பொட்டச்சி வந்து அங்க என்ன சோலி பாக்கப் போற?" என்றார். அவருக்கு அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

தூக்குவதற்கு முன்னால் பெண்கள் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள். என் முறை வந்தது. வலது கையில் அரிசி. இடது கையில், தாவணிக்குள், டாலி. மாலைக்கு அடியில் துணியை விலக்கி அவனுடைய வலது கையில் வைத்தேன். கை பிடிக்கவில்லை. மாலையை இழுத்து மூடினேன். நான் வரக் கூடாது என்றால் இது போகட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை. அது கம்பெனிப் பொருள் என்று நினைக்கவில்லை. விமானம் என்று ஒன்று இருப்பதே என் நினைப்பில் இல்லை.

திரும்பி வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவர் சொன்னார். "ஒல்லிப் பயதான். என்னமாக் கனத்தான்!" அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்த ஒரே வார்த்தை அதுதான்.

சரி, பத்தாம் நாளுக்கு வருகிறேன்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு ஓடைக்கு இறங்கிப் போனேன். இரண்டு மூட்டை கழுவக் கிடந்தது. மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஜோடிக்காரன் பின்னாலேயே வந்து நின்றான். உருளை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். ரிவிட் வரிசை மேலே வரும்போதெல்லாம் உதட்டை அசைத்து எண்ணினான்.

"அவன் கை" என்றான். "கோடு பிடிச்ச மாதிரி இருக்கு. தங்கச்சி, கொஞ்சம் நிப்பாட்டுங்களேன். தொட்டுப் பாக்கணும்."

"நான் ஒங்களுக்குத் தங்கச்சி இல்ல. தொடவும் வேணாம்."

"சரிங்க."

"மால வாங்கிட்டு வந்தா எல்லாம் சரியாப் போயிருமா? டீயக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுத்து இருந்துட்டு டோக்கன எடுத்து வைக்கிறீங்க. வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றான்.

அப்படிச் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எரிச்சல் கூடத்தான் செய்தது. அவன் ஒரு மூட்டையை இழுத்து வாயில் கொட்டினான். நான் கேட்கவில்லை, அவனே கொட்டினான்.

"வேல முடிஞ்சா எல்லாச் சாமானும் திரும்பிருச்சான்னு ஒருத்தருக்கு இன்னொருத்தர் எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழம அவனுக்கு நான் பாக்காமலே போட்டேன். எப்பவும் அப்பிடித்தான் போடுவோம். எனக்கு வேல போகும். போகட்டும். அத விடுங்க."

"நான் ஏன் புடிக்கணும்? விட்டுட்டேன்."

"ஸ்டோர்காரரு இன்னிக்கு வெறுங்கையோட போனாருன்னா 'விமானத்துல விட்டுட்டாரு'ன்னு எழுதிருவாரு. எங்க எடத்துல தெனம் காலைல வேல ஆரம்பிக்கிறதுக்கு முன்னால எல்லாரையும் நிக்க வச்சுப் பேசுவாங்க. என்ன தப்பு நடந்துச்சு, யாரு பண்ணுனா. புதுசா வர்ற ஒவ்வொருத்தனுக்கும் இனிமே ஒங்க அண்ணன் பேரச் சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க. டாலிய உள்ள போட்டுட்டுச் செத்துப் போனவன்னு. பத்து வருசம் ஆனாலும் சொல்லுவாங்க. நான் கேட்டுக்கிட்டு நிக்கணும்."

அந்த இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நின்றுகொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, அவன் பேரைக் கேட்பார்கள். விளிம்பை மூன்று தடவை தேய்த்தவன் பேரை. மறுபக்கம் அப்பா. வீட்டுக்குக் கொண்டுவந்தான் என்று நான் சொன்னால் அவருக்கு மகன் களவாணி. கொண்டுவரவில்லை என்றால் ஹேங்கருக்கு அவன் கொலைகாரன் மாதிரி. எந்தப் பக்கம் போனாலும் அவன் பேர்தான் நாறும். இதைக் கொண்டுவந்து என் தலையில் போட்ட இந்த இரண்டு பேரையும் ஓடையில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

மோட்டாரை நிறுத்தினேன்.

"பிளேனுக்குள்ள இல்ல" என்றேன்.

"எங்க இருக்கு?"

சரிவுக்கு அந்தப் பக்கம் சவுக்கு மரங்கள் தெரியும். அங்கேதான் எங்கள் இடுகாடு. கையைக் காட்டினேன். அவனுக்குப் புரியவில்லை. "அவங் கையில இருக்கு. நாந்தான் வச்சேன்" என்றேன்.

ஈரச் சிமெண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேல போயிச் சொல்லிருவோம்" என்றான்.

வீட்டில் நான்தான் சொன்னேன். அம்மா எழுந்து வந்து கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு கேட்டாள்.

"எந்தக் கையில வச்ச?"

"சோத்தாங்கையில."

"அவனுக்குக் கை வலிக்குமேடி" என்றாள். அந்த அரம் இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.

ஸ்டோர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணால் பார்க்காமல் விமானத்தை விட முடியாது, பொருளில் நம்பர் வெட்டியிருக்கிறது, அதைப் பார்த்தால்தான் கணக்கு, தாசில்தாரிடம் மனுக் கொடுத்து முறைப்படி என்று ஆரம்பித்தார். அப்பா முடிக்க விடவில்லை.

"முறைப்படி என்ன பண்ணுவீங்க? தோண்டுவீங்களா? அந்தக் குழியில மம்பட்டி வைக்கிறதுக்கு முன்னால எனக்கு ஒரு குழி வெட்டிட்டு வைங்க. போங்கய்யா வெளிய. ஏலே, நீயும் எந்திரி." கடைசியாகச் சொன்னது ஜோடிக்காரனுக்கு.

அவன் எழுந்தான். ஆனால் வெளியே போகவில்லை. ஸ்டோர்காரரைப் பார்த்துப் பேசினான்.

"சார், தோண்ட வேணாம். நான் ஒண்ணு மறைச்சுட்டேன். வெள்ளிக்கிழம அந்த டாலி கீழ விழுந்துச்சு. என் கையிலருந்துதான் விழுந்துச்சு. மொகத்துல வடு. விமானத்துல எங்க வேல அதுக்கு முந்தியே முடிஞ்சிருச்சு. கழிவுத் தகட்டுல ஒரு ரிவிட் அடிச்சுப் பாத்தோம், வடு அப்பிடியே வாலுல விழுந்துச்சு. எழுதி வைக்காம விட்டுட்டோம். அவன் தேய்க்கத்தான் எடுத்துட்டு வந்திருப்பான்னு எனக்குப் பத்து நாளாச் சந்தேகம். சொன்னா கீழ போட்டதும் வெளிய வரும்னு பயந்துக்கிட்டுச் சொல்லல."

"பத்து நாளா ஆளுங்க விமானத்துக்குள்ள தவழ்ந்துட்டு இருக்காங்கடா!" என்றார் ஸ்டோர்காரர்.

"தெரியும் சார். நானும்தான் தவழ்ந்தேன்." போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினான். தகட்டில் ஒரு ரிவிட் வால். ஓரத்தில் நகத்துண்டு போல ஒரு மேடு. "இந்த டாலிய வச்சு கீழ இருபது ரிவிட்டுக்கு மேல அடிச்சிருக்கான். மெசினுக்குள்ள இதே வடு இருந்தா, டாலி விமானத்துல இல்ல, இங்க வந்திருச்சுன்னு தெரிஞ்சிரும்."

எல்லோரும் ஓடைக்கு இறங்கினோம். அப்பாவும் வந்தார், திட்டிக்கொண்டே வந்தார். ஸ்டோர்காரர் அந்த வயசில் முழங்காலில் நின்று உருளைக்குள் தலையை விட்டார். கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. கழற்றிவிட்டு, டார்ச்சைப் பிடித்து, விரலால் ஒவ்வொரு பொத்தானாகத் தடவினார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டிலும் இருந்தது. சிலதில் லேசாக, சிலதில் நன்றாக. நகத்துண்டு.

வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "ஒரு ரிவிட் வேணும்" என்றார். "போட்டோவைக் காட்டினா ஒத்துக்க மாட்டாங்க. வாலைக் கையில குடுத்து, அந்தக் கழிவுத் தகட்டோட வச்சுக் காட்டணும்."

"டோக்கன மாட்டிட்டு எடுங்க" என்றேன்.

"என்னம்மா?"

"ஒங்க ரூல்தான? டோக்கன் இல்லாமச் சாமான் கெடையாது."

"அது கம்பெனிச் சொத்தும்மா."

"ரிவிட்டு எங்க சொத்து."

அவர் ஜோடிக்காரனைப் பார்த்தார். அவன் மலையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தார். அப்பா பீடியைப் பற்றவைத்தார். கடைசியில் கவரைப் பிரித்து டோக்கனை எடுத்து உருளை மேல் வைத்தார். வைக்கும்போது, "இதுக்கு நான் தனியா ஒண்ணு எழுதணும்" என்று முனகினார்.

"மொதல்ல இத எழுதுங்க. எங்க முன்னால எழுதுங்க."

நோட்டை எடுத்து இங்கிலீஷில் எழுதினார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டினால் வாசிப்பேன், ஆனால் என்ன எழுதினார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கீழே தமிழிலும் எழுதச் சொன்னேன். அங்கே தமிழை யாரும் வாசிக்க மாட்டார்கள் என்றார். நான் வாசிப்பேன் என்றேன். எழுதினார். அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தேன்.

"டாலியின் முகத்தில் வடு விழுந்ததால், தேய்த்துத் திரும்ப வைப்பதற்காக, அனுமதி இன்றி எடுத்துச் சென்றார். விமானத்தில் இல்லை."

"அனுமதி இன்றிங்கிறத அடிங்க."

"அது உண்மைம்மா. அதை அடிச்சா மிச்சத்தையும் நம்ப மாட்டாங்க."

அப்பா புகையை விட்டார். "களவுன்னு எழுதலைல? அப்ப இருக்கட்டும் விடு. சொல்லாம எடுத்துட்டு வந்தான்தான. சின்னதுலருந்தே எதையும் சொல்லிச் செய்ய மாட்டான்."

பதினேழாவது ரிவிட்டில்தான் வடு மற்றதைவிடத் தெளிவாக இருந்தது. ஸ்டோர்காரர் அதைக் காட்டினார். அதைத் தர மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை. நாலாவதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஜோடிக்காரன் வீட்டிலிருந்து அண்ணனுடைய பையை எடுத்து வந்து, கை டிரில்லைச் சுற்றித் தலையைத் துளைத்து, வால் நசுங்காமல் தட்டி எடுத்தான். ஸ்டோர்காரர் அதைத் துணியில் சுற்றி, டோக்கன் இருந்த கவரில் போட்டுக்கொண்டு, அப்பாவோடு மேலே ஏறிப் போனார்.

ஜோடிக்காரன் நின்றான். "ஓட்டையோட விட்டுட்டுப் போக மனசு வரல. பைல ரிவிட்டு மிச்சம் கெடக்கு. ஒண்ணு போட்டு விட்டுர்றேன். நீங்க உள்ள புடிக்கிறீங்களா?"

ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை. டாலிக்குப் பதிலாக ஒரு கோடாரியை எடுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்தேன். அதன் பின்பக்கத்தை வாலுக்கு முட்டுக்கொடுத்தேன். வெளியே அடித்தான். நாலு அடி. ஒரே சீராக, அண்ணன் அடிப்பது போலவே. ஜோடியாக வேலை பார்த்தவன் இல்லையா? நின்றது. என் தட்டுக்காகக் காத்திருந்தான்.

விரலால் தடவிப் பார்த்தேன். வட்டம் சுத்தமாக இருந்தது. மூன்று தட்டினேன்.

துளைத்து எடுத்தான். வேறு போட்டான். அடித்தான். தடவினேன். மூன்று தட்டினேன்.

மூன்றாவதுக்கும் மூன்று தட்டினேன். உருளை வாய்ப் பக்கமிருந்து அவன் குரல் வந்தது.

"தங்கச்சி, ரிவிட்டு நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம்?"

"இதுல வடு இல்ல."

டிரில் சுற்றுகிற சத்தம் கேட்டது. மூன்றாவதையும் எடுத்துவிட்டான். நான் வெளியே வந்தபோது சாமான்களைத் துடைத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். சிவப்புப் பிடி, பச்சைப் பிடி, அரங்கள். எண்ணி எண்ணி வைத்தான். "ஒரு அரம் கொறையுது" என்றான். அம்மா மடியில் இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறினான். போய் வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவனுக்கு வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

சாமான் இருந்த இடத்தில் டோக்கன் தொங்க வேண்டும். அவர்கள் ரூல். நாலாவது ஓட்டையில் ஒரு கம்பியைக் கொடுத்து, டோக்கனை வெளிப்பக்கம் தொங்கவிட்டேன். இறுக்கிக் கட்டத் தெரியாமல் இல்லை. லூசாகத்தான் கட்டினேன். மெஷின் ஓடும்போது ஓட்டையில் தண்ணீர் பீச்சி, நிற்கிறவர் மேல் அடிக்கும். உருளை ஒரு சுற்றுச் சுற்றி வரும்போது டோக்கன் தகட்டில் ஒரு தட்டுத் தட்டும். ஒரு சுற்றுக்கு ஒன்று. போதாது, இன்னும் அடி.

நேற்றுக்கூட மேல்காட்டுக்காரர் ஒருவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன புள்ள இது, தண்ணி மூஞ்சில அடிக்குது, டக்கு டக்குன்னு சத்தம் வேற? அந்தக் கெரகத்தக் கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டைய அட."

"ஒங்க மூட்டையக் கழுவியாச்சுல்ல? தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க" என்றேன்.